பஹாரோமின் ஒற்றை இருக்கை

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. பக்கத்து வீட்டு பஹாரோம் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டதால் எழுதுகிறேன்.

"வாத்தியாரே, நீங்க பத்திரிகைக்கெல்லாம் கதை எழுதுவீங்கல்ல? என் கயாக் கதைய எழுதுங்க. என்ன வேணா எழுதிக்குங்க, கோவிச்சுக்க மாட்டேன். என் எடைய மட்டும் தொண்ணூறுன்னு போட்டுடுங்க."

அவர் சொன்னது மலாயில். மலாயில் இருப்பதைத் தமிழில் போடும்போது பத்துப் பதினைந்து கிலோ குறையக்கூடாதா என்பது அவருடைய கேள்வி. மலேசியாவில், லூமுட் என்ற கடலோர ஊருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் மொழி சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஆகவே, பஹாரோம் தொண்ணூறு கிலோ.

(இந்த எண்ணின்மேல் ரொம்பச் சாய்ந்து உட்காராதீர்கள்.)

2

எப்படித் தொடங்குவது என்பதிலேயே நான்கு தாள் போய்விட்டது.

'அன்று காலை லூமுட் கடல் வெள்ளித் தகடாக'... அடித்துவிட்டேன். எங்கள் கடல் காலையில் பால் விட்ட தேநீர் நிறத்தில் இருக்கும். நான் படித்துச் சொன்னால் கல்சோம் சிரிப்பார். கல்சோம் பஹாரோமின் மனைவி. எதிரே உள்ள பங்கோர் தீவில் மீனவர் வீட்டில் பிறந்தவர்.

'தனிமை என்பது மனிதனுக்கு'... இதையும். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

பேருந்திலிருந்து தொடங்கினால் சரியாக வருகிறது. பஹாரோம் முப்பத்தோரு வருஷம் லூமுட்டுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே விரைவுப் பேருந்து ஓட்டினார். முதுகுக்குப் பின்னால் எப்போதும் நாற்பது பேர். ஒருவர் ஏசியைக் குறை என்பார், ஒருவர் கூட்டு என்பார். ஒரு குழந்தை வாந்தி எடுக்கும். ஓய்வு பெற்ற மறுநாள் காலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் வீட்டுக்குள்ளிருந்து, "பாங், அந்தக் குழாய்ல தண்ணி சொட்டுது பாருங்க" என்று கல்சோமின் குரல் வந்தது. (பாங் என்றால் அண்ணன்; மலாய் மனைவிமார் கணவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

அந்த நிமிஷத்தில்தான் அவருக்குக் கயாக், அதாவது துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு, வேண்டும் என்று தோன்றியதாம். கடலில், ஒரே ஒரு ஆள் உட்காருவது. பின்னால் யாரும் இருக்க முடியாதது. மீன் பிடிப்பது வெளியில் சொல்லிக்கொள்ள ஒரு காரணம்.

3

ஈப்போவில் ஊய் என்பவரின் கடைக்குப் புருஷனும் பெண்சாதியுமாகப் போனார்கள். கயாக்குகள் சுவரில் வரிசையாகச் சாய்ந்து நின்றன. ஊய் ஒல்லியான மனிதர். காதில் பென்சில்.

"பாஸ், ஆத்துக்கா, கடலுக்கா?"

"கடலுக்கு. தூண்டில் போட."

"உள்ள கால நீட்டி உக்காருற மாதிரியா, மேல உக்காருற மாதிரியா?"

"மேல," என்றார் கல்சோம். "உள்ள போனா திரும்பி வெளிய வரணுமே."

ஊய் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். "நீளமா இருந்தா நேரா ஓடும், வேகமா ஓடும். குட்டையா இருந்தா சட்டுனு திரும்பும். அகலமா இருந்தா ஆடாது, ஆனா துடுப்பு போட்டுத் தோள் கழண்டுடும். பாஸ் என்ன எடை?"

"தொண்ணூறு."

ஊய் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். "சாப்பிடுறதுக்கு முன்னாடியா?"

கல்சோம் அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அலமாரியில் இருந்த ரப்பர் இறால்களை மிகுந்த அக்கறையோடு ஆராய ஆரம்பித்தார்.

ஊய் ஒரு பெரிய கயாக்கைத் தட்டிக் காட்டினார். "இத எடுத்துக்குங்க. ரெண்டு சீட்டு. பின் சீட்டக் கழட்டிட்டு நடுவுல உக்காந்துக்கலாம். யானை ஏறினாலும் தாங்கும். அம்மாவும் வர்றதுன்னா ரெண்டு சீட்டையும் போட்டுக்கலாம்."

"ரெண்டு சீட்டு வேணாம்!"

சொன்னது கொஞ்சம் சத்தமாகவும் ரொம்ப வேகமாகவும் வந்துவிட்டது. கடைக்குள் இருந்த மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரே சீட்டுதானா?" என்றார் கல்சோம்.

அவ்வளவுதான் கேட்டார். பஹாரோம் அதற்குப் பிறகு ஐந்து வாரம் அந்த இரண்டு வார்த்தையை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். அப்போது வாயில் வந்ததைச் சொன்னார். "இல்ல, ரெண்டு சீட்டுன்னா பாரம்... தூக்க முடியாது... உனக்கு முட்டி வலி வேற..."

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்றார் கல்சோம்.

(இங்கே கல்சோமின் முகத்தை எழுத வேண்டும். ஆனால் எனக்குக் கடைக்கதையைச் சொன்னவர் பஹாரோம். அவர் அந்த முகத்தைப் பார்க்கவில்லை, பயந்து தரையைப் பார்த்தாராம். ஆகையால் என்னிடமும் முகம் இல்லை.)

நிறத்தில் மட்டும் சண்டை வந்தது. மீன் கண்ணுக்குப் படக்கூடாது என்று அவர் பாசிப்பச்சையைக் காட்டினார்.

"மீனுக்குத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. தேடி வர்றவன் கண்ணுக்குத் தெரிய வேணாமா?" என்று கல்சோம் ஆரஞ்சு நிறத்தின்மேல் கையை வைத்தார். அந்தக் கை எடுக்கப்படவில்லை. ஆரஞ்சு வாங்கினார்கள். பன்னிரண்டடி நீளம். நூற்று முப்பது கிலோ வரை தாங்கும் என்று ஒட்டியிருந்தது.

4

கயாக் பன்னிரண்டடி. பஹாரோமின் பழைய காஞ்சில் கார் பதினோரடி. கார் மேலே கயாக் வைத்ததாகச் சொல்வதைவிட, கயாக்குக்கு அடியில் ஒரு கார் தொங்கியது என்று எழுதுவதே நேர்மை.

கூரையில் இரண்டு நுரைக் கட்டை வைத்து, கயாக்கைக் கவிழ்த்துப் போட்டு, பட்டைக் கயிற்றை நான்கு ஜன்னல் வழியாகவும் உள்ளே விட்டு வெளியே இழுத்து இறுக்கினார்கள். கட்டியவர் பஹாரோமே. "முப்பது வருஷமா லக்கேஜ் கட்டுறேன், எனக்கா சொல்லித் தர்றீங்க?" என்று ஊயின் ஆட்களை ஒதுங்கச் சொன்னார். கடைசி இறுக்கத்தை மட்டும் அவரும் கல்சோமும் உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகு ஊய் வெளியிலிருந்து போட்டார். அவர் முகத்தில் ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்ட பாவனை இருந்ததாகக் கல்சோம் பின்னால் சொன்னார்.

ஊர் எல்லை தாண்டியதும் மேலே 'ஊஊம்' என்று ஓர் ஓலம். பஹாரோம் வண்டியை ஓரம் கட்டி, என்ஜின் போச்சு என்றார். கல்சோம் கைக்குட்டையை மடித்து ஜன்னல் வழியே கையை விட்டுப் பட்டைக்கு அடியில் செருகினார். ஓலம் நின்றது.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"காத்துல கயிறு கத்தும். இது கூடவா சொல்லிக் குடுக்கணும்? ஓட்டுங்க பாங்."

பாதி வழியில், பாரிட்டில், சாலையோரக் கடையில் நிறுத்தினார்கள். பஹாரோமுக்கு அவசரமாக இறங்க வேண்டியிருந்தது. கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. மறுபடி தள்ளினார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஜன்னல் வழியாகப் பட்டையை விட்டு இறுக்கினால் கயாக் மட்டும் கட்டப்படுவதில்லை. நான்கு கதவும் சேர்த்துக் கட்டப்படுகின்றன.

கல்சோம் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, ஜன்னல் வழியே, வலையிலிருந்து நழுவும் மீனைப்போல வெளியே போய் நின்றார். பஹாரோம் தன் ஜன்னலைப் பார்த்தார். தன்னைப் பார்த்தார்.

"அவுத்து விடட்டுமா?"

"அவுத்தா மறுபடி யாரு கட்டுறது? வேணாம்."

"முகம் ஒரு மாதிரி இருக்கே."

"ஒண்ணும் இல்ல."

கல்சோம் தொழுதுவிட்டு, அவருக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு வாங்கிவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். முப்பத்தோரு வருஷத் தாம்பத்தியத்தில் பஹாரோம் மனைவியை அப்படி ஒரு பார்வை பார்த்தது அதுவே முதல் முறை. எதிரே நின்ற பேருந்து ஓட்டுநர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, இறங்கி வாங்க அண்ணே, தேநீர் குடிக்கலாம் என்றார். பஹாரோம் கம்பீரமாகக் கையை அசைத்து, "நேரமில்ல தம்பி!" என்றார்.

லூமுட்டில் அவர்கள் வாசலில் வண்டி நின்றபோது என் பெயரைச் சொல்லி ஓர் அலறல் கேட்டது. கத்தரிக்கோலோடு ஓடியவன் நான்தான். கதைக்குள் நான் நுழைவது இந்த இடத்தில். பஹாரோம் எனக்கு நன்றி சொல்லவில்லை. நேராக வீட்டுக்குள் ஓடிவிட்டார்.

5

அடுத்த இரண்டு வாரம் அவர் கயாக்கை அலங்கரித்தார்.

கடற்கரை எங்கள் தெருவிலிருந்து அரைக் கிலோமீட்டர். சக்கரம் வைத்த சின்ன வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டே போய்விடலாம். அன்றைக்கே போயிருக்கலாம். அவர் போகவில்லை. "இன்னும் ஒண்ணு மட்டும் மாட்டிடுறேன்" என்றார்.

தண்ணீர்க் குழாயை வெட்டி, சூடாக்கி வளைத்து, தூண்டில் செருக நான்கு தாங்கி. துளைபோடும் இயந்திரத்தால் அவர் முதல் துளையைப் போட்டபோது கல்சோம் சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது துளை தவறான இடத்தில் விழுந்தது. பசை வைத்து அடைத்தார். அப்புறம் தண்ணீருக்கு அடியில் மீன் எங்கே என்று காட்டும் கருவி. அதற்கு மின்கலம், மின்கலத்துக்கு ஒரு பெட்டி. நங்கூரம். பிடிக்கப்போகும் மீனுக்கு ஐஸ் பெட்டி. காபிக் குடுவைக்கு ஓர் இடம். வானொலிக்கு ஓர் இடம். கடைசியில் கடைத்தெருவில் பழம் விற்பவர்கள் வைத்திருப்பார்களே, அந்தப் பெரிய குடை.

"இதுல நீங்க எங்க உக்காருவீங்க?" என்று கேட்டேன்.

"நடுவுல இடம் இருக்கு பாருங்க."

இருந்தது. தொண்ணூறு கிலோ மனிதருக்கான இடம்.

கல்சோம் ஒரு நாள் வந்து சுற்றிப் பார்த்தார். "பாங், பஸ்ஸ விட்டுட்டுப் பஸ்ஸையே வாங்கிட்டீங்க" என்றார்.

6

ஒப்பந்தம் முறிகிறது. மன்னிக்கவும். எண்ணை மாற்றாமல் இந்தப் பகுதியை எழுதிப் பார்த்தேன். தொண்ணூறு கிலோ என்றால் கயாக் மூழ்க மாட்டேன் என்கிறது. தாளில்கூட மிதக்கிறது. பஹாரோம் நூற்றெட்டு கிலோ. ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டியவர் யார் என்று சொல்ல மாட்டேன். தளவாடங்கள் முப்பத்துநான்கு கிலோ. கூட்டிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெலுக் பாத்திக் கடற்கரை. பாய் விரித்து நாசி லெமாக் சாப்பிடும் குடும்பங்கள் நிறைய. பஹாரோம் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டார், அதன் வார்கள் முன்னால் சந்திக்க மறுத்தன. என் கையில் செல்பேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் ஏறி உட்கார்ந்தார்.

இந்த வகைக் கயாக்கின் தரையில் துளைகள் இருக்கும். மேலே விழும் தண்ணீர் வடிந்து போவதற்கு. பாரம் கூடிப்போனால் அதே துளை வழியாகக் கடல் மேலே வரும். கடல் வந்தது. முதலில் பஹாரோமின் உட்காரும் இடம் நனைந்தது. அவர் அதைக் கௌரவமாகப் பொறுத்துக்கொண்டு நான்கு தடவை துடுப்புப் போட்டார். கயாக் நகர்ந்தது. அவர் என் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்து குடையைப் பிடித்தது.

கவிழ்ந்ததை விவரிக்க மாட்டேன். சத்தம் மட்டும் சொல்கிறேன். பெரிய சத்தம். பிறகு வானொலி தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் பாடியது.

பாய்களிலிருந்து மக்கள் ஓடி வந்து ஆளுக்கொரு பொருளாக மீட்டுக் கொடுத்தார்கள். ஒரு பெண்மணி, "பாவம், கடை போட வந்தவரு போல" என்றார். பஹாரோம் மறுபடி ஏறப் பார்த்தார். மூன்று தடவை ஏறினார், மூன்று தடவை அந்தப் பக்கம் விழுந்தார். கரையில் கல்சோம் துண்டோடு நின்றார். சிரிக்கவில்லை. அது பஹாரோமுக்கு இன்னும் மோசமாக இருந்ததாம்.

"படத்த அழிச்சிடுங்க வாத்தியாரே."

அழித்துவிட்டேன். (அழிக்கவில்லை.)

7

அப்புறம் மூன்று வாரம் கயாக் வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. ஒரு பூனை அதன் அடியில் நான்கு குட்டி போட்டது. பஹாரோம் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். துளை போட்டாகிவிட்டதால் ஊய் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். வேலியருகே வந்து என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "கதைய முடிச்சிடுங்க. திருடு போயிடுச்சுன்னு எழுதிடுங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ரத்த அழுத்தம் பார்க்கப் போய்விட்டுப் பத்து மணிக்குத் திரும்பினார். வேலியோரம் கயாக் இல்லை. புல்லின் மேல் குழாய்த் தாங்கிகள், மீன்காட்டி, மின்கலம், நங்கூரம், குடை எல்லாம் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. திருகாணிகள் ஒரு தேநீர்க் கோப்பைக்குள். பூனைக்குட்டிகள் ஐஸ் பெட்டிக்குள் துணி விரித்து.

"வாத்தியாரே! நிஜமாவே திருடிட்டான்!"

இந்த இடத்தில் என் முதல் பிரதியில் 'நானும் திடுக்கிட்டேன்' என்று இருந்தது. அது பொய். காலை எட்டரை மணிக்குக் கல்சோம் திருப்புளியோடு என் வாசலுக்கு வந்தார்.

"வாத்தியாரே, ஒரு பக்கம் புடிங்க. அவர்கிட்ட சொல்லிடாதீங்க. வேணும்னா கதையில எழுதிக்குங்க."

நான் பிடித்தேன். தண்ணீர் வரை தள்ளியும் கொடுத்தேன். கதை எழுதுகிறவன் இப்படிக் கதைக்குள் கை நீட்டலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனால் அந்தக் கயாக்குக்கு இரண்டு முனை. அவரால் ஒரு முனையைத்தானே தூக்க முடியும்?

"திருட்டு இல்ல," என்றேன். "வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க, உங்க வீட்டுக்காரம்மா இருக்காங்களான்னு."

8

நூற்றெட்டு கிலோ மனிதர் அரைக் கிலோமீட்டர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

தூரத்தில், ஒரு சின்னத் தீவுக்கு இந்தப் பக்கம், ஓர் ஆரஞ்சுக் கீற்று. அசையாமல் நின்றது. பஹாரோம் செருப்போடு மார்பளவு தண்ணீருக்குள் இறங்கி, "சோம்! சோம்!" என்று கத்தினார். காற்றே இல்லாத கடல் அவர் குரலைக் கொஞ்சம் தூரம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது.

"ஜாக்கெட் போட்டிருக்காங்க. வார் எல்லாம் சரியா மாட்டியிருக்கு," என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது வாத்தியாரே. அவ கோவத்துல போயிருக்கா. கடையில ஒரே சீட்டுதானான்னு கேட்டா. நான் வேணாம்னு கத்திட்டேன். முப்பத்தோரு வருஷம் வாரத்துல அஞ்சு நாள் ரோட்டுல கெடந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவ இல்லாத எடமாப் பார்த்து ஒண்ண வாங்கியிருக்கேன். எந்தப் பொம்பளைக்குத்தான் கோவம் வராது?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையே உப்புத் தண்ணீராக இருந்ததால் இன்னும் எரிந்தது. "ஏதாச்சும் ஆச்சுன்னா புள்ளைங்க மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அவர் பக்கத்தில் நானும் நனைந்துகொண்டு நின்றேன்.

பதினொன்றரைக்குக் கீற்று திரும்பியது. துடுப்பு இடது வலதாக, அவசரமில்லாமல். கரைக்கு வந்ததும் அலையோடு ஏற்றி, கயாக் மணலில் உரசும் முன் காலைக் கீழே வைத்து இறங்கினார் கல்சோம். எங்கள் இரண்டு பேருடைய உடையையும் பார்த்தார்.

"குளிக்க வந்தீங்களா?"

பஹாரோம் ஒரு மணி நேரமாகத் தயார் செய்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "உள்ள தண்ணி வரலியா?" என்றுதான் கேட்க வந்தது.

"சொட்டு வரல."

"மீனு?"

"தூண்டில் கொண்டு போகல."

"அப்போ ரெண்டு மணி நேரம் என்னதான் பண்ணுன?"

"சும்மா இருந்தேன் பாங்." கல்சோம் கயாக்கின் விளிம்பில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். "நாலு புள்ள, உங்கம்மா, உங்க தம்பி குடும்பம், இப்போ நீங்க. இத்தன வருஷத்துல ஒரு நாள் சும்மா இருந்திருக்கேனா? சுத்தி அவ்வளவு தண்ணி. ஒருத்தரும் தண்ணி கொண்டான்னு கேக்கல."

"நீ கோவிச்சுக்கிட்டுப் போகலியா?"

"எதுக்கு?"

"ஒரே சீட்டு வாங்கினதுக்கு."

கல்சோம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். மூன்று வாரம் முன்னால் அவர் விழுந்தபோது சிரிக்காமல் சேர்த்து வைத்திருந்ததும் சேர்ந்து வந்திருக்க வேண்டும், நிறுத்தவே முடியவில்லை. "ஐயோ பாங்! அந்த ஊய் பேச்சக் கேட்டு எங்க ரெண்டு சீட்டா வாங்கிடுவீங்களோன்னு நான் செத்தேன். ஒண்ணுதான்னு கன்ஃபார்ம் பண்ணிக்கிட்டேன்!"

பஹாரோமுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஐந்து வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய நேரம். இறங்கியது. ஆனால் அது இருந்த இடத்தில் ஒரு சின்ன வலி வந்து உட்கார்ந்துகொண்டது. தனியாக இருக்க விரும்பியவர் அவர். தன்னை விட்டு அவளும் தனியாக இருக்க விரும்புவாள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கயாக்கை வண்டியில் ஏற்றி வீடுவரை அவரே தள்ளினார்.

9

இங்கே முடிக்கலாம் என்று நினைத்து மூவரிடம் காட்டினேன்.

பஹாரோம்: நான் எடையைக் குறைத்து, பெரிய கொடுவா மீனைப் பிடித்ததாக முடித்துவிடுங்கள்.

கல்சோம்: முடிக்க வேண்டாம். நான் அங்கே கடலில் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். திருப்பிக் கொண்டுவராதீர்கள்.

பத்திரிகையாசிரியர், தொலைபேசியில்: குடும்பக் கதையாக இருக்கிறதே சார், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து கடலுக்குப் போவதுபோல ஒரு வரி போட முடியாதா?

நடந்தது மூன்றும் இல்லை. முறை வைத்துக்கொண்டார்கள். செவ்வாயும் வியாழனும் கல்சோமுக்கு. சனியும் ஞாயிறும் பஹாரோமுக்கு. குடையும் மின்கலமும் ஐஸ் பெட்டியும் இல்லாமல், ஒரே ஒரு தூண்டிலோடு போனால் கயாக் அவரையும் தாங்கியது. உட்காரும் இடம் லேசாக நனையும், அவ்வளவுதான். கடலில் அவர் ஆசைப்பட்ட மாதிரியே முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. இரண்டு ஞாயிறு நன்றாகத்தான் இருந்ததாம். மூன்றாவது ஞாயிறு ஒரு மீன் கொத்தி, பாதியில் அறுத்துக்கொண்டு போனது. "ஆலாமாக், பாத்தியா!" என்று திரும்பினார்.

"யாரும் இல்ல வாத்தியாரே," என்றார் என்னிடம், வேலியைப் பிடித்துக்கொண்டு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, ரெண்டு சீட்டுக் கயாக் ஒன்றும் பார்த்து வைக்கலாமா, எப்போதாவது ஒரு நாளைக்கு மட்டும், என்று கேட்டிருக்கிறார். கல்சோம் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. நான்காம் நாள் காலை, "பாக்க மட்டும்தான்" என்றார்.

10

இந்தக் கடைசிப் பகுதியை ஈப்போவில், ஊயின் கடைக்கு எதிரே, காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே வரச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். ஒரு தடவை முனையைப் பிடித்துத் தூக்கியதே போதும்.

கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஊய் இரண்டு இருக்கைக் கயாக் ஒன்றைத் தரையில் இறக்கியிருக்கிறார். மஞ்சள் நிறம். பஹாரோம் பின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். கையில் துடுப்புகூட இருக்கிறது. சிமெண்டுத் தரையில் அதை மெதுவாக அசைத்துக் காட்டுகிறார். முன் இருக்கை காலி.

கல்சோம் கைப்பையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலி இருக்கையைப் பார்த்து நிற்கிறார். அதில் உட்கார்ந்தால் இந்தத் தடவை முதுகுக்குப் பின்னால் ஒருவர் இருக்கப்போவது அவருக்கு. ஏதோ கேட்கிறார். எனக்குக் கேட்கவில்லை. பஹாரோம் யோசித்துப் பதில் சொல்கிறார். சின்னப் பதில். அதுவும் கேட்கவில்லை. ஊய் காதிலிருந்து பென்சிலை எடுக்கிறார்.

அன்று இதே கடையில் எனக்குக் கிடைக்காத கல்சோமின் முகம் இப்போது நன்றாகத் தெரிகிறது. தெரிந்தும் அதில் எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்துவிட்டார்.

நான் எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். கயாக்குக்குள் வைக்கத்தான் எடுத்தாரா, செருப்பு கடித்ததால் எடுத்தாரா என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கால் தரையைவிட்டு நாலு விரல் உயரத்தில் இருக்கிறது. எங்கே இறக்குவது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவருக்கு முட்டி வலி உண்டு.